மருந்தும் மாக்கோலமும்

சென்ற மார்கழியில் திருச்சியில் ஒரு சிறிய இலக்கியச் சந்திப்பு நடந்தது. பதினைந்து பேர் வந்திருந்தால் அதிகம். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் நான்கு கவிதைகள் வாசித்தார். மிகைச்சொல் இல்லாத நல்ல கவிதைகள். தேநீர் இடைவேளையில் அவரைப் பாராட்டினோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரெண்டு வருஷமா மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன் சார். மூணு மாசமா நிறுத்திட்டேன். அதைப் போட்டா வரி வரமாட்டேங்குது. இப்ப எழுத்துதான் எனக்கு மருந்து."

சுற்றி நின்ற எங்களில் ஒருவர், தமிழில் பரவலாக மதிக்கப்படும் வாசகர், "அப்படித்தான் தம்பி இருக்கணும், கலைஞனுக்குக் கலைதான் வைத்தியம்" என்று அவர் தோளைத் தட்டினார். இன்னொருவர் வான்காவைக் குறிப்பிட்டார். வான்கா வராமல் நம் தேநீர் இடைவேளைகள் நிறைவு பெறுவதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. வடையைத் தின்று முடித்துவிட்டுத் திருவெறும்பூர்ப் பேருந்தைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். கலை மனத்தை ஆற்றுமா என்று கேட்டால், ஆற்றும் என்பதே என் பதில். என் வீட்டிலேயே அதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த இளைஞரின் தோளைத் தட்டியவர் நினைக்கிற விதத்தில் அது நிகழ்வதில்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் நாம் சிலரை இழந்திருக்கிறோம், இன்னும் இழப்போம் என்று அஞ்சுகிறேன்.

*

எங்கள் ஊரின் பெயரிலேயே எறும்பு இருக்கிறது. தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவெடுத்து வந்து வழிபட்டதாகவும், வழுக்கிய லிங்கத்தின் மேல் அவை ஏறுவதற்கு வாகாக ஈசன் புற்று மண்ணாகிச் சற்றே சாய்ந்து கொடுத்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. சின்னக் குன்றின் மேலுள்ள எறும்பீசர் கோயில் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. படியேறி நின்றால் ஒரு பக்கம் கொதிகலன் தொழிற்சாலையும் அதன் குடியிருப்புகளும், மறுபக்கம் வயலாக இருந்து மனைகளாகிவிட்ட நிலங்களும் தெரியும். அப்பா அந்தத் தொழிற்சாலையில் பற்றவைப்பாளராக முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் 'டிராயிங்' என்ற சொல்லுக்கு ஓவியம் என்ற பொருளே கிடையாது. குழாய் எங்கே வளைகிறது, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பற்றுக்கோடு என்று காட்டும் நீலத்தாள்தான் டிராயிங். அதைப் படிக்கத் தெரிந்தவர் என்பதில் அப்பாவுக்குப் பெருமை இருந்தது.

அம்மாவிடம் இருந்தது கோலம். அதை அவளோ நாங்களோ கலை என்று நினைத்ததில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துப் புள்ளி வைப்பாள். கல்மாவை அவள் சேர்க்கவே மாட்டாள். பச்சரிசி மாவுதான். "எறும்பூர்ல இருந்துக்கிட்டு எறும்புக்குக் கல்லையா போடுறது?" என்பாள். கோலத்தை விரிவாக ஆராய்ந்த விஜயா நாகராஜன் 2018இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு, ஆயிரம் உயிர்களுக்கு உணவிடுதல் என்று பொருள்படும் தலைப்பை வைத்திருக்கிறார். அம்மா அந்த நூலைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டால் இதற்கு ஒரு புத்தகமா என்று சிரிப்பாள்.

2009 ஆடி மாதம் ஒரு காலையில் அப்பா கடைத்தெருவுக்குப் போனவர் திரும்பவில்லை. மாரடைப்பு. ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் இருக்கலாகாது என்பது முறை. அதன் பிறகும் அம்மா கோலம் போடவில்லை. துக்கம் ஓராண்டு என்றார்கள் சிலர். தாலியிழந்தவள் வாசல் கோலம் போடலாமா என்பதில் தெருப் பெரியவர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. யாரும் அவளைத் தடுத்தார்கள் என்று சொல்ல முடியாது, யாரும் போடச் சொல்லவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் ஒரு வேலையைச் செய்த கை, அவ்வேலை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் சும்மா இருந்தது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் அழவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

நான்கைந்து மாதங்களில் அவள் பேச்சு நின்றுபோயிற்று. உறக்கம் இல்லை. ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். உறவினர் ஒருவர் சொல் கேட்டுக் குறி கேட்கவும் கயிறு கட்டவும் அலைந்ததில் மேலும் இரண்டு மாதம் போனது. பிறகு ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டுவிட்டுச் சீட்டு எழுதினார். அவர் பெயர் இங்கே வேண்டாம். இரண்டாவதாகக் கிடைத்தவர் பொறுமையானவர். கடுமையான மனச்சோர்வு என்றார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும், அதற்குள் பலனில்லையென்று நிறுத்திவிடக் கூடாது, நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு முறை சொன்னார். அவர் சொன்னபடியே ஒரு மாதத்தில் உறக்கம் வந்தது. சோறு இறங்கியது. பேச்சு மட்டும் வரவில்லை.

என் மகள் அப்போது முதல் வகுப்பு. அவளிடம் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அதில் புள்ளி வைத்து எதையோ கோணலாக இழுத்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, நோட்டை வாங்கி, பதினைந்தில் தொடங்கி எட்டில் முடியும் ஊடுபுள்ளி வைத்தாள். பிறகு பென்சிலால் ஒரு சிக்குக் கோலத்தை இழுக்கத் தொடங்கினாள். கம்பி மூன்றாவது திருப்பத்தில் தவறிப்போனது. அழிப்பானை வாங்கி அழித்தாள். மறுபடி தவறியது. அன்று மாலை விளக்கேற்றும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. மகள் பாதியில் உறங்கிப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அருகில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பக்கம் இழுங்கக்கா" என்றுகூடச் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது நோட்டில் பதினான்கு கோலங்கள் இருந்தன. எனக்குள் இருந்த இலக்கிய ஆசாமி விழித்துக்கொண்டான். இந்தக் கோலங்களில் அவளுடைய துயரம் குறியீடாக வெளிப்படுகிறதா, இந்தச் சுழி தனிமையா, அந்த முடிச்சு அப்பாவா என்றெல்லாம் மருத்துவர் சொல்வார் என்று எதிர்பார்த்து நோட்டை நீட்டினேன். அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. அம்மாவிடம், "இதுல எதும்மா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டார். அம்மா பக்கத்தைப் புரட்டி ஒன்றைக் காட்டினாள். "இது. கம்பி எங்கயும் மூடலை. விட்ட எடத்துக்கு வந்து சேரணும், சேர மாட்டேங்குது." ஏன் சேரவில்லை என்று விளக்கத் தொடங்கியவள், அந்த விளக்கத்தின் நடுவிலேயே, குரல் மாறாமல் சொன்னாள்: "அன்னிக்கும் இதான் போட்டிருந்தேன். அவரைத் தூக்கிட்டு வர்றாங்கன்னு சொன்னதும் நாந்தான் ஒரு குடம் தண்ணியை ஊத்தி அழிச்சேன்."

ஏழு மாதங்களுக்குப் பிறகு அவள் அன்றுதான் அழுதாள்.

*

இந்த நிகழ்ச்சியைச் சொன்னால் நண்பர்கள் உடனே, "பார்த்தீர்களா, மாத்திரையால் ஆகாதது கோலத்தால் ஆயிற்று" என்கிறார்கள். அது உண்மையல்ல. மாத்திரை அவளை உறங்க வைத்து, உண்ண வைத்து, ஒரு பென்சிலைப் பிடித்து மூன்று மணிநேரம் உட்காரும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. அதற்கு முன் நோட்டைக் கொடுத்திருந்தால் அவள் அதைத் தொட்டிருக்க மாட்டாள். அழுத பிறகும் ஓராண்டுக்கு மேல் மருந்து தொடர்ந்தது. மருத்துவர்தான் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். அவ்வளவு நாளும் நோட்டும் தொடர்ந்தது.

உலகில் இதற்குக் கலைச் சிகிச்சை என்ற பெயர் வழங்கத் தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. காசநோய்க்காகப் படுக்கையில் கிடந்த ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர், நேரம் போகாமல் கட்டிலருகே இருந்ததையெல்லாம் வரையத் தொடங்கி, பிறகு சக நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942இல் அச்சொல்லை உருவாக்கியவர் அவரே. காசநோய்க்கு முறிமருந்து வராத காலம் அது. மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதுதான் சிகிச்சை. படம் வரைந்ததால் நுரையீரல் ஆறியது என்று ஹில் எங்கும் சொல்லவில்லை. படுத்திருப்பவனின் மனம் அழுகிப்போகாமல் அது காத்தது என்பதுதான் அவர் வாதம்.

அவருக்குச் சற்றுப் பின்னால் 1946இல் நெதர்ன் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்த எட்வர்ட் ஆடம்சன் எனக்கு இன்னும் நெருக்கமானவராகத் தோன்றுகிறார். நோயாளிகளுக்கென்று ஓர் ஓவியக்கூடத்தைத் திறந்து வைத்து, தூரிகையும் வண்ணமும் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தார். எதை வரைவது என்று சொல்லவில்லை, வரைந்ததற்குப் பொருளும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் அப்படி இருந்தார். ஆய்வேடுகளில் அவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முருங்கைக்கீரை ஆய்ந்த அக்காவின் நினைவே வருகிறது.

அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது மோசடி. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமால் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல் வரையவும் பிசையவும் ஒட்டவும் விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற இறுக்கச் சுரப்பை அளந்தார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரையப் பழகியவரா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. திறமைக்கும் ஆறுதலுக்கும் தொடர்பில்லை என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

மற்றது 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. மனச்சிதைவு நோயுள்ள 417 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாராவாரம் குழுவாகக் கலைச் சிகிச்சை, இன்னொரு பிரிவினருக்கு வேறு பொழுதுபோக்குச் செயல்கள், மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்று இரண்டாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சைக்கு மேல் கலைச் சிகிச்சை கூடுதல் பலன் எதையும் தரவில்லை. பலர் குழுவுக்கு ஒழுங்காக வரவேயில்லை என்பதும் உண்மை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாதிடலாம். ஆனால் மனச்சிதைவைத் தூரிகை தீர்க்கும் என்று இனி ஒருவர் மேடையில் சொல்வாரானால், இந்த 417 பேருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

*

நமக்கு 417 பேர் எதற்கு? நம்மிடமே ராமானுஜம் இருந்தார்.

சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே. ராமானுஜம் மனச்சிதைவால் துன்புற்றவர். பேசுவதற்கும் பழகுவதற்கும் சிரமப்பட்ட அந்த இளைஞரின் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது ராமானுஜத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. மையும் பேனாவுமாக அவர் வரைந்த நகரங்களைப் பார்த்திருப்பீர்கள். கூரைமேல் கூரையாய் ஏறும் மாளிகைகள், நாகங்கள், விநோத விலங்குகள், அவற்றின் நடுவே தொப்பியணிந்த ஒரு மனிதர். அம்மனிதர் ராமானுஜமேதான். நிஜ வாழ்வில் யாரும் அவரை அழைக்காத மாளிகைகளில் அவர் விருந்தினராக உலவினார். ஒரு துளி இடம் விடாமல் தாளை நிரப்பும் அந்தக் கோடுகளில் தன்னை மறந்த மணிநேரங்கள் இருக்கின்றன. அந்த நேரங்களில் அவர் வலியற்று இருந்திருப்பார் என்றே நம்ப விரும்புகிறேன்.

1973இல், முப்பதைச் சற்றே தாண்டிய வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். கலை இருந்தது, கலைஞர்களின் கிராமமே சுற்றி இருந்தது, மதித்த ஆசிரியரும் இருந்தார். அக்காலத்து மனநல மருத்துவத்தின் போதாமைகள் வேறு. ஆனால் கலை ஒன்றே மருந்தாகும் என்றால், அந்த மருந்தை அவரைவிட அதிகமாக உட்கொண்டவர் யார்?

இலக்கியத்திலும் இதே கதைதான். 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாம் மனநோயால் நெடுநாள் அவதியுற்று 1984இல் முப்பத்துமூன்று வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய நோயைக் கவிதையின் விலையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. 2003இல் மறைந்த கோபிகிருஷ்ணன் இதற்கு நேர் எதிரான சாட்சி. உளவியல் படித்தவர், மனநலத் துறையில் பணியாற்றியவர், தாமும் நோயின் பிடியில் இருந்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' எழுதிய அவர் நோய்க்கு ஒளிவட்டம் கட்டவில்லை. அலுப்பூட்டும், அவமானப்படுத்தும் ஓர் அன்றாடமாகவே அதை எழுதிக் காட்டினார். அவரைக் கொண்டாடுகிறோம், அவர் சொன்னதை மட்டும் காதில் வாங்குவதில்லை. துன்பம் இல்லாவிட்டால் படைப்பு இல்லை என்ற வாக்கியம் துன்பப்படாதவர்களால் உருவாக்கப்பட்டது என்பது என் சந்தேகம்.

அந்த இளைஞர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சில மருந்துகள் மனத்தை மந்தப்படுத்துவதுண்டு. வரி வராமல் போவது ஓர் எழுதுபவனுக்குச் சிறிய இழப்பன்று. ஆனால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய குறை. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். "எனக்கு எழுத வேண்டும், இந்த மாத்திரையில் எழுத முடியவில்லை" என்ற வாக்கியத்தை மருத்துவரின் மேசைமுன் சொல்லும் துணிவை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய நாம், தோளைத் தட்டிக் கொடுத்தோம்.

*

அப்படியானால் கலையின் பங்கு என்ன? சென்ற நூற்றாண்டின் இறுதியில் மட்டக்களப்பில் நடந்ததைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். போருக்கு நடுவே, 1996இல், அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற பெயரில் ஓர் இடம் உருவாயிற்று. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும், உளவளத்துணையில் ஈடுபட்டிருந்த இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதன் பின்னணியில் இருந்தவர்கள். தமிழ்ச் சிற்றூர்களிலிருந்தும் முஸ்லிம் சிற்றூர்களிலிருந்தும் குழந்தைகளை ஒன்றாகப் பேருந்தில் அழைத்துவந்தார்கள். மண் பிசைதல், வரைதல், கதை கட்டுதல், கூத்து. நடந்ததைச் சொல் என்று எந்தக் குழந்தையையும் வற்புறுத்தவில்லை. வாரம் ஒரு நாள் வீதம் ஒன்பது மாதங்கள் அதே பிள்ளைகள் அதே பெரியவர்களிடம் வந்தார்கள். இந்த ஒன்பது மாதம் என்ற கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன். கருவுக்கு ஆகும் காலம் என்று அலங்காரமாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தை ஒரு பெரியவரை நம்புவதற்கு அவ்வளவு வாரங்கள் தேவைப்படுகின்றன.

இதற்கு மாறாக, நம் பக்கம் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்து முகாம்களில் குழந்தைகள் வரைந்த கரிய அலைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வரையச் செய்தவர்களில் உண்மையான அக்கறையுடன் தங்கிப் பணியாற்றியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு வாசகனாக அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது கூச்சம். அந்தப் படம் அந்தக் குழந்தையுடையது, அது நம் காலைக் காப்பிக்கு உரியதன்று. நோயாளியின் நோட்டு நோயாளிக்குச் சொந்தம் என்ற எளிய விதியை நான் கற்றதும் தாமதமாகத்தான். அம்மாவின் கோல நோட்டுகளை அச்சிடலாம் என்று ஒருமுறை ஆர்வமாகச் சொன்னேன். "அதுல என்னடா இருக்கு, எல்லாம் பழைய கோலந்தான்" என்றாள். இன்னும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது நோட்டுகள் பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் போயிருந்தன.

இப்போது கலைச் சிகிச்சை என்ற பெயரில் கடை விரிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் நானே ஒரு அரைநாள் பயிலரங்குக்குப் போனேன். அச்சடித்த வட்டங்களில் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். பின்னணியில் புல்லாங்குழல். நான் கறுப்பை எடுத்ததைப் பார்த்த பயிற்சியாளர் என் குழந்தைப் பருவத்தில் ஏதோ அடைபட்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் பெட்டியில் கூராக இருந்த ஒரே பென்சில் கறுப்புதான். மதியம் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அடுத்து அமர்ந்திருந்த பெண்மணி, படத்தைப் பற்றிக் கேட்டதும் உடைந்து அழுதார். அவரை என்ன செய்வது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்கள்.

காயத்தைத் திறப்பது எளிது. திறந்தால் உடனிருக்கத் தெரிய வேண்டும். பிரிட்டனில் உரிய பதிவு பெறாத ஒருவர் தம்மைக் கலைச் சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடனச் சிகிச்சையாளர் என்ற பெயர் முதன்முறையாக ஏறியிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்து வேரூன்றும்வரை, வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அடுத்த வாரமும் வருவீர்களா?

*

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் கால்பதித்த மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இது நம்மில் பலருக்குத் தெரியாது. அத்திட்டத்தின் கீழ் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து வாங்க வருபவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மேசையும் கொஞ்சம் தாளும் பென்சிலும் களிமண்ணும், பொருள் சொல்லாமல் உடனிருக்கப் பயிற்றப்பட்ட ஒருவரும் இருந்தால் என்ன? பெரிய செலவில்லை. மருத்துவரின் எழுதுகோலுக்குப் போட்டியாக அல்ல, அவர் கதவுக்கு இந்தப் பக்கம்.

பள்ளிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 2012இல் தமிழக அரசு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்கு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில். தேர்வு நெருங்கினால் அந்த அரைநாளையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். எங்கள் ஊரைப் போன்ற தொழில் நகரங்களில் ஆண்பிள்ளை பத்து வயதுக்குமேல் எதையும் வரைவதில்லை. என் தலைமுறையின் பெண்களுக்காவது வாசலும் மாவும் இருந்தன. கிராமத்தில் ஒப்பாரி இருந்தது. ஆலையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வரும் ஆணுக்கு டாஸ்மாக்கைத் தவிர வேறு எதை விட்டுவைத்தோம்? அப்பா ஓய்வுபெற்ற பின் பழைய நாட்காட்டிகளின் பின்பக்கத்தில் அளவுகோல் இல்லாமல் குழாய் வரைபடங்களைப் போட்டுக்கொண்டிருப்பார். வேலை மறக்காமல் இருக்க என்று சொல்வார். நான் அவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. முழங்கால் வலியால் குனிய முடிவதில்லை. வாசல் கோலம் என் மனைவி போடுகிறாள். கொல்லைப்பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, எட்டும் தூரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அம்மா ஒன்று போடுகிறாள். பச்சரிசி மாவுதான்.

இதை எழுதத் தொடங்கிய பின் அந்த இளைஞரின் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தேன். ஒரு மாதமாகச் சரியாக உறங்கவில்லை என்றார். புதிதாக எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதுவதும் நின்றுவிட்டது என்றார். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் சேவையின் எண்ணை, 14416 என்று, அவரையே திருப்பிச் சொல்ல வைத்துக் குறித்துக்கொள்ளச் செய்தேன். இரவில் எந்நேரமும் எடுப்பார்கள், நானும் எடுப்பேன் என்றேன். பழைய மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டதற்கு, தேடினால் கிடைக்கும் என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை இருவரும் திருச்சி அரசு மருத்துவமனைக்குப் போவதாகப் பேசியிருக்கிறோம். எட்டு மணிக்குத் திருவெறும்பூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். சீட்டோடு கவிதை நோட்டையும் கொண்டுவரச் சொன்னேன்.